பேயே கண்ணில் படாத பேய்வீடு: ‘ஹில் ஹவுஸ்’ எங்கே பயமுறுத்துகிறது?

கேள்வி இதுதான்: ஷெர்லி ஜாக்சன் எழுதிய ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நாவலைப் படித்து முடித்தாயிற்று. கடைசிப் பக்கம்வரை ஒரு பேயும் கண்ணில் படவில்லை. பாதிப் புத்தகம் நாலு பேர் உட்கார்ந்து அரட்டை அடிப்பதிலேயே போய்விடுகிறது. இதைப் போய் பேய்வீட்டு நாவல்களின் உச்சம் என்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது?

நியாயமான கேள்விதான். இந்த நாவலை முதல்முறை படிக்கிறவர்களில் பலர் இதே ஏமாற்றத்தோடு மூடி வைப்பார்கள். ஆனால் அவர்கள் ஒரு பேயைத் தேடிக்கொண்டே படித்திருப்பார்கள். ஜாக்சனோ ஒரு வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த வீடு யாரையும் துரத்துவதில்லை. ‘வா, இங்கேயே இருந்துவிடு’ என்று அழைக்கிறது. போக வேறு இடமே இல்லாத ஒருத்தியைப் பார்த்து அழைக்கிறது. பயம் அங்கேதான். இனி முடிவுவரை விவரமாகப் பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

1959-ல் அமெரிக்காவில் வைகிங் பதிப்பகம் வெளியிட்ட நாவல் இது. மறு வருஷம் நேஷனல் புக் அவார்டின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. பேய்க்கதைக்கு அந்த மரியாதை அபூர்வம். ஜாக்சன் வெர்மாண்ட் மாநிலத்தில் நாலு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதியவர். 1965-ல் 48 வயதிலேயே இறந்துபோனார். பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் வீட்டு வாழ்க்கையைப் பற்றி விழுந்து விழுந்து சிரிக்கும்படி இரண்டு புத்தகங்கள் எழுதியதும் இதே கைதான். ஒரு வீட்டுக்குள் பெண் எப்படிச் சிக்கிக்கொள்கிறாள் என்பதை அங்கே வேடிக்கையாகவும் இங்கே திகிலாகவும் சொன்னார் என்றே எனக்குப் படுகிறது.

கதைச் சுருக்கம் சின்னதுதான். டாக்டர் மாண்டேக் என்கிற ஆராய்ச்சியாளர் அமானுஷ்யத்தை அறிவியல்பூர்வமாக ஆராய ஹில் ஹவுஸை மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார். இது வெறும் கற்பனை இல்லை; 1897-ல் ஸ்காட்லாந்தின் பாலெக்கின் ஹவுஸில் இப்படித்தான் ஒரு கூட்டம் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பேய்க்காகக் காத்திருந்தது. மாண்டேக் பலருக்குக் கடிதம் போடுகிறார், வந்து சேர்வது இரண்டே பேர்: 32 வயது எலினார், கலகலப்பான தியோடோரா. வீட்டுக்கு வாரிசான லூக் மூன்றாவது ஆள். கதை நடப்பது ஒரு வாரச் சுமாருக்கு.

பேய்வீட்டுக் கதைக்கு மிகப் பழைய அச்சு ஒன்று உண்டு. ரோமானியர் பிளினி எழுதிய கடிதம் ஒன்றில் ஏதென்ஸ் நகரத்து வீடு வருகிறது. ராத்திரியில் சங்கிலிச் சத்தம் கேட்கும், யாரும் குடிவர மாட்டார்கள், வாடகை அடிமாட்டு விலை. அதெனோடோரஸ் என்கிற தத்துவ அறிஞர் குறைந்த வாடகையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, விஷயம் தெரிந்தே குடிபோகிறார். பேய் வருகிறது, முற்றத்தில் ஓர் இடத்தைக் காட்டி மறைகிறது. அங்கே தோண்டினால் சங்கிலியோடு எலும்புக்கூடு. முறைப்படி அடக்கம் செய்ததும் தொல்லை தீர்கிறது. சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷமாகப் பெரும்பாலான பேய்வீட்டுக் கதைகள் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன: ஒரு அநியாயச் சாவு, அதைக் கண்டுபிடிக்கும் ஆள், ஒரு பரிகாரம். படிக்கிறவருக்கும் கணக்குத் தீர்ந்த நிம்மதி.

ஹில் ஹவுஸில் தோண்டுவதற்கு எதுவுமே இல்லை. வீட்டுக்குக் கதை உண்டுதான். எண்பது வருஷத்துக்கு முன் ஹியூ கிரெய்ன் என்பவர் கட்டினார். அவருடைய முதல் மனைவி வீட்டைக் கண்ணால் பார்க்கும் முன்பே வாசல் பாதையில் வண்டி கவிழ்ந்து இறந்தாள். மகள்கள் சொத்துக்குச் சண்டை போட்டார்கள். மூத்த மகளுக்குத் துணையாக இருந்தவள் கடைசியில் தூக்குப் போட்டுக்கொண்டாள். இவ்வளவையும் டாக்டர் மூன்றாம் அத்தியாயத்திலேயே பிராந்தி குடித்தபடி சொல்லி முடித்துவிடுகிறார். மர்மம் என்று எதையும் பொத்தி வைப்பதில்லை. இவர்களில் யார் சுவரைத் தட்டுகிறார்கள் என்று கடைசிவரை தெரிவதுமில்லை. பரிகாரம் செய்யலாம் என்றால் யாருக்குச் செய்வது?

பதிலாக ஜாக்சன் கொடுப்பது கட்டடத்தை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு மூலைகூட சரியான செங்கோணத்தில் இல்லை. ஒவ்வொன்றிலும் டிகிரியில் ஒரு சிறு பின்னம்தான் பிசகு. தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. படிகள் லேசாகச் சரிந்திருக்கும், கதவுகள் மயிரிழை சாய்ந்திருக்கும். இத்தனை சின்னப் பிழைகளும் கூடி முழு வீட்டையும் கோணலாக்கிவிடுகின்றன. அறைகள் வட்டத்துக்குள் வட்டமாக இருப்பதால் உள்வட்டத்து அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. கோபுரம் இந்த ஜன்னலிலிருந்து தெரிய வேண்டுமே என்று பார்த்தால் தெரியாது. விளைவு, ஆட்கள் சாப்பாட்டு அறைக்குப் போகவே வழி தவறுகிறார்கள்.

கதவுகளைக் கவனியுங்கள். முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்த கதவெல்லாம் திரும்பி வரும்போது சாத்தியிருக்கும். இதற்கு ஒரே சமயத்தில் மூன்று காரணம் கையில் இருக்கிறது. கதவு சாய்வாக மாட்டப்பட்டது, தானே மூடிக்கொள்ளும். வேலைக்கார அம்மாள் திருமதி டட்லி வந்து மூடியிருக்கலாம். மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதல் இரண்டு காரணமும் நியாயமாக இருப்பதால்தான் மூன்றாவது பயமுறுத்துகிறது. மோசமான பேய்க்கதையில் கதவு படாரென்று சாத்தும், காரணம் பேய் மட்டும்தான். அப்போது படிக்கிறவருக்கு யோசிக்க எதுவும் மிஞ்சாது. யோசனை நின்ற இடத்தில் பயமும் நின்றுவிடும்.

இப்போது எலினார். பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பணிவிடை செய்தே இளமையைத் தொலைத்தவள். அம்மா இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அக்கா வீட்டில் கட்டில் போட்டு ஒண்டிக்கொண்டிருக்கிறாள். காரில் பாதி விலை இவள் கொடுத்தது, ஆனாலும் எடுத்துப் போக அக்கா அனுமதிப்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். இந்தப் பயணத்தை ‘இழுக்கிறது’ என்று தாண்டிப் போகிறவர்கள்தான் கடைசியில் ஏமாறுகிறார்கள். வழியில் அவள் பார்ப்பதைக் கையில் பென்சிலோடு குறியுங்கள்: ஒரு பெரிய வீட்டு வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். ஓட்டலில் ஒரு சின்னப் பெண், வீட்டில் இருக்கும் நட்சத்திரம் போட்ட தன் கோப்பையில் கொடுத்தால்தான் பால் குடிப்பேன் என்று அடம்பிடிக்கிறது. விட்டுக்கொடுக்காதே என்று எலினார் மனசுக்குள் அந்தக் குழந்தையைக் கெஞ்சுகிறாள். ஒரு குடிசையின் வாசலில் வெள்ளைப் பூனை.

ஹில் ஹவுஸுக்கு வந்தபின் தியோடோரா சகஜமாக விசாரிக்கிறாள், நீ எங்கே குடியிருக்கிறாய் என்று. எனக்கென்று தனியாக ஒரு சின்ன வீடு இருக்கிறது என்கிறாள் எலினார். அலமாரி மாடத்தின் இரு முனையிலும் குட்டிக் கல் சிங்கங்கள், ஒரு வெள்ளைப் பூனை, முன்பு ஒரு நீலக் கோப்பை, உள்ளே நட்சத்திரங்கள். அத்தனையும் வழியில் பொறுக்கியது. ஜாக்சன் இதைப் பொய் என்று அந்த இடத்தில் சுட்டுவதில்லை; எலினாரே ஒப்புக்கொள்வது கடைசி அத்தியாயத்தில்தான். நீங்கள் அந்தப் பயணத்தைக் கவனமாகப் படித்திருந்தால் மட்டுமே அங்கேயே பிடிபடும். பிடிபட்ட கணத்தில் எலினார்மேல் ஒரு பரிதாபமும், இவள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகமும் ஒன்றாக வரும். நாவலின் பெரும்பகுதியை அவள் கண் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பெரிய சம்பவம் வருவது நாலாம் அத்தியாயத்தில். ராத்திரி சத்தம் கேட்டு அரைத்தூக்கத்தில் எலினார் விழிக்கிறாள். ‘இதோ வருகிறேன் அம்மா’ என்கிறாள். அம்மா உயிரோடு இருந்தபோது சுவரைத் தட்டித்தான் கூப்பிடுவாள். விழித்துப் பார்த்தால் இது ஹில் ஹவுஸ், பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டது தியோடோரா, ஆனால் தட்டும் சத்தம் நிஜமாகவே கேட்கிறது. தாழ்வாரத்தின் கோடியில் ஆரம்பித்து, ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்து, இவர்கள் கதவில் நிற்கிறது. கதவு உடைவதில்லை. கைப்பிடியை மெல்லத் தடவிப் பார்க்கிறது, இடுக்குகளைத் துழாவுகிறது. உள்ளே பல் கிடுகிடுக்கும் குளிர். மறுபக்கம் என்ன நிற்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது.

இந்தத் தட்டலின் முழு அர்த்தம் பின்னால்தான் தெரியும். அம்மா செத்த ராத்திரியும் சுவரைத் தட்டினாளாம், எலினார் எழுந்திருக்கவில்லை. உண்மையிலேயே தூங்கிவிட்டேனா, இல்லை கேட்டும் திரும்பிப் படுத்துக்கொண்டேனா என்று தனக்கே தெரியவில்லை என்கிறாள். நாலாம் அத்தியாயத்தை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்துப் பாருங்கள், வேறு அத்தியாயமாக இருக்கும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வோமே, அந்தப் பழமொழியின் விளிம்பில்தான் நாவல் முழுக்க நடக்கிறது. எல்லாம் எலினாரின் மனக்கோளாறு என்று வாதாட ஆதாரம் நிறைய. அவளுக்குப் பன்னிரண்டு வயதில், அப்பா இறந்து ஒரு மாதத்தில், வீட்டுக் கூரைமேல் மூன்று நாள் கல்மழை பெய்தது. டாக்டர் அவளைக் கூப்பிட்டதே அதற்காகத்தான். சுவரில் சாக்பீஸால் எழுதப்படும் வாசகத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது, வீட்டுக்கு வரச்சொல்லி. நீயே எழுதியிருப்பாய் என்று தியோடோரா கேட்டும்விடுகிறாள். சரி, அவள் மனசுதான் என்று முடிவு கட்டலாமா? தட்டும் சத்தத்தைத் தியோடோராவும் கேட்டாள். குழந்தைகள் அறை வாசலில் ஓர் இடத்தில் மட்டும் எலும்பை உறைய வைக்கும் குளிர். நாலு பேரும் உணர்கிறார்கள், டாக்டர் வெப்பமானியை நீட்டினால் அதில் பாதரசம் அசைவதே இல்லை. உடம்புக்குத் தெரிவது கருவிக்குத் தெரியவில்லை. இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு சாட்சி கொடுத்துவிட்டு ஜாக்சன் விலகிக்கொள்கிறார். கூடிப் படிக்கிறவர்கள் இந்த நாவலைப் பற்றி விடிய விடியச் சண்டை போட முடிவது இதனால்தான். என் கட்சியைக் கேட்டால், வீடும் எலினாரும் என்று இரண்டு தனிப் பொருள் ஐந்தாம் அத்தியாயத்துக்குமேல் கிடையாது.

அந்த ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவுதான் நாவலின் புகழ்பெற்ற காட்சி. இருட்டில் இரண்டு பெண்களும் ஒரே அறையில், தனித்தனிக் கட்டிலில். பக்கத்து அறையில் ஏதோ முணுமுணுப்பு, பிறகு ஒரு குழந்தையின் அழுகை. எலினார் தியோடோராவின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கையும் இவள் கையை இறுக்குகிறது, விரல் எலும்பு தெரியும் அளவுக்கு. குழந்தையை இம்சிப்பதைப் பொறுக்க முடியாமல் எலினார் கத்திவிடுகிறாள். வெளிச்சம். தியோடோரா தன் கட்டிலில், இப்போதுதான் விழித்துத் தலை கலைந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் நான் யார் கையைப் பிடித்திருந்தேன் என்கிறாள் எலினார், அத்தியாயம் முடிகிறது. இதில் என்ன வேலை நடந்திருக்கிறது பாருங்கள்: நம் கவனம் முழுவதையும் அடுத்த அறைச் சத்தத்தின்மேல் ஜாக்சன் திருப்பிவிடுகிறார். கை வெறும் ஆறுதலாக ஓரத்தில் கிடக்கிறது. அடி விழுவது அந்த ஆறுதலிலிருந்து. இரண்டு வரி விளக்கம் கூடுதலாகப் போட்டிருந்தாலும் கெட்டுப்போயிருக்கும்.

அரட்டைதான் அதிகம் என்ற புகாருக்கு வருகிறேன். அரட்டை வேண்டும். எலினார் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிநேகிதர்களோடு சிரிக்கிறாள். நாமும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்கிறோம். திருமதி டட்லி ஒப்பித்தாற்போல் அதே வாக்கியங்களைச் சொல்வது — காலைச் சாப்பாடு ஒன்பதுக்கு, பத்துக்கு மேஜை சுத்தமாகிவிடும், இருட்டினபின் நான் இருக்க மாட்டேன் — முதலில் சிரிப்பு, நாலாவது தடவை வயிற்றைப் பிசையும். பிறகு அந்தச் சிநேகிதம் மெல்ல மெல்லக் கழன்று, தியோடோராவும் லூக்கும் சேர்ந்து எலினாரை வெளியே நிறுத்துகிறார்கள். அரட்டையைத் தாண்டிப் போனவருக்கு இந்த இழப்பு உறைக்காது. ஏழாம் அத்தியாயத்தில் டாக்டரின் மனைவி ஆவியோடு பேசும் பிளான்ஷெட் பலகையோடு வந்து அதிகாரம் செய்வது மட்டும் கொஞ்சம் நீளம்தான். அந்த நையாண்டி எல்லோருக்கும் ருசிக்காது.

ஆனால் அதே அத்தியாயத்தின் ராத்திரியை விட்டுவிடாதீர்கள். வீடே ஆடி அதிர்கிறது, சத்தம் எலினாரின் தலைக்குள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்தா என்று தெரியவில்லை. இனி என்னால் முடியாது, நான் வருகிறேன், எடுத்துக்கொள் என்று அவள் மனம் ஒப்புக்கொடுத்துவிடுகிறது. அந்த நொடியே எல்லாம் அடங்கி, ஜன்னலில் காலை வெயில். பேரம் படிந்துவிட்டது, மற்ற மூவருக்கும் அது தெரியாது. அப்புறம் ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் ராத்திரியில் எழுந்து தாழ்வாரத்தில் ஓடுகிறாள், ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. உள்ளே இருப்பவர்கள் பயந்து கதவைத் திறக்க மறுக்கிறார்கள். நாலாம் அத்தியாயத்தில் கதவுக்கு உள்ளே நடுங்கியவள் இப்போது வெளியே நிற்கிறாள். பேயே வரவில்லை என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் நாவலில் இல்லை.

காட்சி வடிவம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராபர்ட் வைஸ் 1963-ல் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம் நாவலின் வழியைப் பின்பற்றி எதையும் காட்டாமல் ஒலியாலும் உப்பி வளையும் ஒரு கதவாலும் பயமுறுத்துகிறது. 1999 படம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் காட்டி, காட்டக் கூடாதது எது என்பதற்குப் பாடமாக நிற்கிறது. 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த பத்து எபிசோட் தொடர் நல்ல தொடர், ஆனால் பெயர்களையும் சில காட்சிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து பிள்ளைகள் உள்ள வேறொரு குடும்பத்தின் கதை சொல்கிறது. தொடரை நினைத்துக்கொண்டு நாவலைத் திறந்தால் பெயர்கள் மட்டும் பழகியிருக்கும், ஆட்களை அடையாளம் தெரியாமல் தடுமாறுவீர்கள்.

மறுபடி படிப்பதாக இருந்தால், 250 பக்கத்துக்குள் அடங்கும் புத்தகம், இரண்டு அமர்வு போதும்: முதல் நாலு அத்தியாயம் ஒரு ராத்திரி, மிச்சம் மறுநாள். வாரக்கணக்கில் பத்துப் பத்துப் பக்கமாகப் படித்தால் வீட்டுக்குள் அடைபட்ட உணர்வு வராது. ஆங்கிலத்தில் படிக்கும்போது தொடக்கப் பத்தியை வாய்விட்டுப் படியுங்கள்; நீள வாக்கியங்கள் நிதானமாக, சுவர்கள் நேராக நிற்பதையும் செங்கல் சீராக அடுக்கியிருப்பதையும் சொல்லிக்கொண்டே போகும். டாக்டர் பின்னால் சொல்லும் கோணல் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? அந்த வாசல் பாதையையும் பென்சிலால் குறியுங்கள். கிரெய்னின் முதல் மனைவி செத்தது அங்கே. பதினெட்டு வருஷத்துக்கு முன் ராத்திரியில் வெளியேறப் பார்த்த ஒருவனைக் குதிரை மிரண்டு மரத்தில் மோதிக் கொன்றதும் அங்கே.

கடைசியில் எலினாரை எல்லோரும் சேர்ந்து ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள், அவள் நன்மைக்காகத்தான். போக வீடு இல்லை என்று அவள் சொல்லியும் பார்த்துவிட்டாள். அதே பாதையில், அதே மரத்தை நோக்கிக் காரை முடுக்குகிறாள். மோதுவதற்கு முந்தைய நொடியில் அவளுக்குத் தெளிவு வருகிறது: ஏன் இதைச் செய்கிறேன், ஏன் யாரும் என்னைத் தடுக்கவில்லை? பதில் கிடையாது. அடுத்த பத்தியில் லூக் பாரிஸுக்குப் போகிறான், தியோடோரா பிணங்கியிருந்த தோழியிடம் திரும்புகிறாள், டாக்டரின் கட்டுரையை யாரும் மதிக்கவில்லை. பிறகு நாவலின் முதல் பத்தியில் வந்த வரிகள் அப்படியே திரும்ப வருகின்றன: சுவர்கள் நேராக, கதவுகள் ஒழுங்காகச் சாத்தி, அங்கே எது நடமாடினாலும் தனியாகவே நடமாடியது என்று. யாரோடாவது சேர்ந்து இருக்கத்தான் எலினார் அந்த வீட்டிடம் போனாள்.